ஏழு மணிக்கு ஏன் லைன் அறுகிறது?

"மிஸ், எங்கட வளவுக்க ஒருக்கா வந்திட்டுப் போங்க. இல்லாட்டி இவங்க நாளைக்கு வேலி அடைச்சிருவாங்க" என்று கிளிவெட்டியிலிருந்து ஓர் அக்கா தொலைபேசியில் அழைத்தபோது, காணிப் பிணக்கு என்றே எண்ணினேன். எங்கள் வேலையில் வேலி என்றால் காணி, காணி என்றால் உறுதி, உறுதி என்றால் பிரதேச செயலகம். அதற்கான படிவங்களையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸேறிப் போனேன். போனால் பிணக்கு காணியால் அல்ல, வைஃபையால்.

வீட்டாரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

அந்த வளவில் நாலு வீடுகள். நடுவில் தாய் வீடு. ஒரு பக்கம் மூத்த மகள், மறுபக்கம் இளைய மகள். கிணற்றடியைத் தாண்டிப் பின்னால், காலமாகிவிட்ட மகனின் மனைவியும் அவருடைய ஒரே மகளும். இளைய மகளின் கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். அவர் அனுப்பிய காசில் சிம் போடுகிற ரவுட்டர் ஒன்றை வாங்கித் தாய் வீட்டில் வைத்தார்கள். மாதக் கட்டணத்தை நாலாகப் பிரித்துக் கட்டுவது என்று பேச்சு. ஒரு வருடத்துக்கு மேல் சச்சரவில்லாமல் ஓடியது.

மாரி தொடங்கியபின் லைன் அறத் தொடங்கியது. பகலில் ஒரு குறையுமில்லை. மாலை ஏழு மணி என்றால் திடீரென்று போகும், இரண்டு மூன்று நிமிடத்தில் வரும், மறுபடி போகும். ஏழு மணி, கட்டாரில் பின்னேரம் நாலரை. வேலை முடிந்து வந்து மனிதர் பிள்ளைகளின் முகம் பார்க்கக் கூப்பிடும் நேரம். பின் வீட்டு மகளுக்கும் அதுதான் நேரம். உயர்தரம் இரண்டாந் தடவை எழுத இருக்கிறாள். திருகோணமலை ஆசிரியர் ஒருவரின் கணக்கீட்டு வகுப்பு, சூமில், ஏழிலிருந்து எட்டரை வரை.

"அவள் வகுப்புக்கு இருந்தாப் போதும், எங்கட லைன் போயிரும். முழுக்க அவளே இழுத்துக்கொள்றாள்" என்றார் இளைய மாமி. சும்மா சொல்லவில்லை, சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். இரண்டு நாள் வகுப்புக்கு இருக்க வேண்டாம் என்று அவளைத் தடுத்தார்கள். இரண்டு நாளும் லைன் அறவில்லை. மூன்றாம் நாள் இருந்தாள், அறுந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அன்றிரவே கடவுச்சொல் மாற்றப்பட்டது. பின் வீட்டுக்குச் சொல்லவில்லை.

றோட்டோரத்து மதகடியில் கவரேஜ் நன்றாக இருக்கும். தாயின் போனில் கொஞ்சம் டேட்டா போட்டுக்கொண்டு பிள்ளை அங்கே போய் நின்று வகுப்புக் கேட்டாள். இரண்டு இரவுகள் தாயும் கூடப் போனார். மூன்றாம் இரவு, விற்பனைக்குக் கொடுக்கும் அரிசிமா வறுக்கிற வேலை இருந்ததால், மகள் தனியே போனாள். அன்றே ஊரில் கதை பிறந்துவிட்டது, இருட்டில் நின்று யாரோடு கதைக்கிறாள் என்று. 2021இல், பெருந்தொற்றுக் காலத்தில், போகிட்டியாவ என்னும் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள் ஆசிரியையோடு காட்டுவழியே நடந்து பாறை உச்சியில் ஏறிக் கவரேஜ் பிடித்த படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. பார்த்தவர்களெல்லாம் இரக்கப்பட்டார்கள். நம்மூர் மதகடியில் நிற்கிற பெண்பிள்ளைக்கு அந்த இரக்கம் கிடைப்பதில்லை.

"இப்படிப் பேச்சுக் கேக்கிறத விட, வேலிய அடைச்சிட்டு எங்கட பாட்டில இருக்கிறம்" என்று பின் வீட்டு அக்கா சொல்ல, "அடையுங்களன்" என்று இளையவர் சொல்ல, அந்த இடத்தில்தான் மூத்தவர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

நான் சமூகவியல் படித்தவள். ரவுட்டர் திருத்தத் தெரியாது. ஆனால் 2020இல் ஊரடங்கு வந்து எங்கள் கூட்டங்களெல்லாம் சூமுக்குப் போன காலத்தில் அலுவலக லைனும் இப்படித்தான் படுத்தியது. அதைப் பார்க்க வந்த தம்பி ஒருவர் சொன்ன பாடத்தை எழுதி வைத்திருந்தேன். போனிலிருந்து ரவுட்டர் வரை ஒரு துண்டு, ரவுட்டரிலிருந்து கோபுரம் வரை ஒரு துண்டு, கோபுரத்துக்கு அப்பால் ஒரு துண்டு. லைன் அறுந்தால் எந்தத் துண்டில் அறுந்தது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும், யாரால் என்பதை அல்ல.

கேட்கும் வழியும் கடினமில்லை. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் துண்டில் 192.168 என்று தொடங்கும் ஓர் எண் அச்சிட்டிருக்கும். போனில் இணையத்தளம் திறக்கும் இடத்தில் அதை அடித்தால் ரவுட்டரின் சொந்தப் பக்கம் வரும். லைன் போன நேரத்தில் அந்தப் பக்கம் சட்டென்று திறந்தால், போனுக்கும் ரவுட்டருக்கும் இடையில் பிழையில்லை, பிழை வெளியே. அதுவும் திறக்காவிட்டால் பிழை வளவுக்குள். அடுத்தது, ரவுட்டருக்கு அருகிலேயே போய் நின்று பார்ப்பது. அருகில் நன்றாக இருந்து கிணற்றடியில் மோசமாக இருந்தால் தூரமும் சுவரும் காரணம். அருகிலும் மோசமென்றால், அதே கம்பனியின் சிம் உள்ள இன்னொரு போனில் வைஃபையை அணைத்து, அதே இடத்தில் அதே நேரத்தில் பார்ப்பது. அதுவும் ஊர்ந்தால் கோபுரத்தில் நெரிசல். மாலையில் ஊரே போனோடு இருக்கும்போது கோபுரம் திணறும். அதற்கு ஒரு வீட்டாரையும் குற்றம் சொல்ல முடியாது.

இவற்றையெல்லாம் ஒரு கிழமை நேரம் போட்டு எழுதுங்கள் என்று சொல்லிக் கொப்பியைப் பிரித்தேன். ஆனால் ஒரு கிழமை தேவைப்படவில்லை. லைன் போகும்போது ரவுட்டரில் எந்த லைட் நூர்கிறது என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. லைன் போனால் எல்லாரும் தங்கள் தங்கள் போனைத்தான் பார்த்திருக்கிறார்கள். அப்போது மூலையில் பாயில் படுத்திருந்த அப்பம்மா எழும்பி உட்கார்ந்தார்.

"நானெல்லோ அதுக்குப் பக்கத்தில கிடக்கிறன். எல்லா லைட்டும் ஒருமிக்க நூரும். பிறகு ஒண்டொண்டாப் பத்தும்."

"ஏனம்மா இவ்வளவு நாளும் சொல்லேல்ல?"

"ஆர் கேட்டது?"

அந்த அம்மா சம்பூர் ஆள். 2006இல் இடம்பெயர்ந்து, அலைந்து, கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் தகரக் கொட்டிலில் வருடக்கணக்காக இருந்தவர். சம்பூர்க் காணிகள் 2015, 2016இல் விடுபட்டுச் சனம் திரும்பியபோது, பிள்ளைகள் இங்கே குடும்பமாகிவிட்டதால் இங்கேயே தங்கிவிட்டார். "பைப் தண்ணிக்கு லைன்ல நிண்டம், நிவாரணத்துக்கு லைன்ல நிண்டம். இப்ப இதுக்கும் ஒரு லைன்" என்று அவர் சொன்னதில் சிரிப்பும் இருந்தது, சலிப்பும் இருந்தது.

அவர் சொன்ன அந்த ஒரு விடயம் போதும். கவரேஜ் பிழை என்றால் இணையத்துக்குரிய லைட் மட்டும் நிறம் மாறும் அல்லது நூரும். எல்லாம் ஒருமிக்க நூர்ந்தால், ரவுட்டருக்கு மின்சாரம் போய்ச் சேரவில்லை என்று பொருள். வீட்டில் மற்ற விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஆகவே ரவுட்டரின் அடப்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தோம். ரவுட்டரின் அடியில் 12 வோல்ட், 1 அம்பியர் என்று இருந்தது. அடப்டரில் 12 வோல்ட், 0.5 அம்பியர்.

பிறகுதான் ஞாபகம் வந்தது. ஐப்பசி மாதத்து இடி மின்னலில் பழைய அடப்டர் எரிந்துபோக, வீட்டில் கிடந்த இன்னொன்றை மாட்டியிருக்கிறார்கள். முனை துளைக்குப் பொருந்தியது, லைட்டும் எரிந்தது, அத்தோடு மறந்துவிட்டார்கள்.

ரவுட்டர் சும்மா இருக்கும்போது கொஞ்ச மின்சாரம்தான் இழுக்கும். முகம் பார்த்துப் பேசும்போது படமும் குரலும் இடைவிடாமல் கோபுரத்துக்குப் போக வேண்டும். கோபுரம் தூரமென்றால் வலுவாக அனுப்ப வேண்டும், அப்போது கூடுதலாக இழுக்கும். அவ்வளவைக் கொடுக்க அடப்டரால் முடியாவிட்டால் வோல்ட் விழுந்து ரவுட்டர் நூரும். நூர்ந்ததும் சுமை இல்லை. ஆகவே மறுபடி எழும்பும், கோபுரத்தைத் தேடிப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். வகுப்பு மட்டும் என்றாலும் தாங்கியிருக்கும், கட்டார் அழைப்பு மட்டும் என்றாலும் தாங்கியிருக்கும். ஏழு மணிக்கு இரண்டும் சேர்ந்தன. இளைய மாமி கண்ணால் கண்டது பொய்யல்ல. பிள்ளை வகுப்புக்கு இருந்தால் லைன் அறுந்தது உண்மைதான். ஆனால் அதே நேரத்தில் தான் கட்டாருக்குக் கதைக்காமல் இரண்டு நாள் இருந்து பார்க்கும் யோசனை அவருக்கு வரவில்லை. நமக்கும் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

மூத்த அக்காவின் மகன் மூதூருக்குப் போய்ச் சரியான அடப்டர் வாங்கி வந்தான். ஆயிரம் ரூபாவுக்குள் முடிந்தது. (வாங்குபவர்கள் கவனிக்க: வோல்ட் இரண்டிலும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். அம்பியர் குறையக் கூடாது, கூடினால் தீங்கில்லை. முனையின் நடுவில் எது என்று காட்டும் கூட்டல் கழித்தல் குறியும் ஒத்திருக்க வேண்டும். இடி முழங்கும்போது எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள்.) அன்று ஏழு மணிக்கு நாங்கள் எல்லாரும் விளக்கு வைத்ததைப் பார்ப்பதுபோல ரவுட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கட்டாரிலிருந்தும் அழைப்பு வந்தது, பின் வீட்டில் வகுப்பும் நடந்தது. எட்டரை வரை லைட் நூரவில்லை.

"அப்ப, அந்தக் கூடாத அடப்டர எடுத்துத் தந்தது ஆர்?" என்று இளைய மாமி கோபத்தோடு கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. எடுத்துத் தந்தவர் அவர்தான்.

அறுகிற குறை தீர்ந்தது. ஆனால் பின் வீட்டில் வேகம் குறைவு என்பது தீரவில்லை. இதை அந்த அக்கா முன்னர் சொன்னதேயில்லை. காற்பங்கு காசு கட்டிக்கொண்டு, கிடைப்பது அவ்வளவுதான் என்று இருந்திருக்கிறார்.

ரவுட்டர் இருந்த இடம் குளிர்சாதனப் பெட்டியின் மேல், இரும்பு அலுமாரியின் ஓரம். இரும்பும் தகரமும் வைஃபை அலையைத் திருப்பி அனுப்பும். தண்ணீர் அதை உறிஞ்சிக்கொள்ளும். பின் வீட்டுக்குப் போகும் திசையில் அலுமாரி, தடித்த சுவர், தகரக் கூரை, நீர்த்தாங்கி எல்லாம் வரிசையாக நின்றன. நாங்கள் செய்தது, ரவுட்டரைப் பின்பக்க யன்னலருகே, தலைக்கு மேல் உயரத்தில், ஒரு மரப் பலகையில் வைத்ததுதான். வெயில் படாமலும் காற்றுப் படும்படியும் வைக்க வேண்டும், தகரத்தின் கீழ் வெந்தால் ரவுட்டர் தானாகவே நின்றுவிடும். ஒரே ரவுட்டர் இரண்டு பெயரில் வைஃபை தருவதைக் கண்டிருப்பீர்கள். ஒன்றின் கடைசியில் 5 என்று இருக்கும். அது 5 கிகாஹேர்ட்ஸ், வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் களைத்துவிடும். மற்றது 2.4, வேகம் குறைவு, தூரம் போகும். "ஐந்துதான் ஸ்பீட்" என்று மூத்தவரின் மகன் எல்லாருக்கும் ஐந்தையே போட்டுக் கொடுத்திருந்தான். பின் வீட்டுப் போனை 2.4க்கு மாற்றினோம். பட்டணத்தில், அடுத்தடுத்த வீடெல்லாம் ரவுட்டர் வைத்திருந்தால், 2.4இல் இரைச்சல் அதிகம். அப்படியென்றால் ரவுட்டர் பக்கத்தில் அலைவரிசையை 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றுக்கு மாற்றிப் பார்க்கலாம். இந்த வளவுக்கு அது தேவைப்படவில்லை.

பின் வீட்டுக்கு நல்ல அலை கொடுப்பது முன் வீட்டுக்கு நட்டமா என்று மூத்தவர் கேட்டார். மாறாக இலாபம். கிணற்றை நினைத்துப் பாருங்கள். கயிறும் வாளியும் ஒன்றுதான், ஒருவர் அள்ளும்போது மற்றவர்கள் நிற்க வேண்டும். வைஃபையும் அப்படித்தான், ஓர் அலைவரிசையில் ஒரு நேரம் ஒரு கருவிதான் பேச முடியும். மாறி மாறிப் பேசுவது கண் இமைப்பதற்குள் நூறு தரம் நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை. தூரத்துப் போன் அலை தேறாமல் மெல்ல மெல்லப் பேசினால், அது கயிற்றை நெடுநேரம் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அருகில் இருக்கிறவர்களும் காத்திருக்கிறார்கள். அந்தப் போனுக்கு நல்ல அலை கிடைத்தால் தன் வாளியைச் சட்டென்று அள்ளிக்கொண்டு விலகிவிடும்.

வாய்க்காலின் கடைசிக் காணிக்காரருக்குத் தண்ணீர் போய்ச் சேராத கதை நம் பகுதியில் புதிதல்ல. பல்கலைக்கழகத்தில் எங்களுக்குப் படிப்பித்த ஒரு விடயம் வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனதில் ஓடியது. 1968இல் கரட் ஹார்டின் என்ற அமெரிக்க அறிஞர், பொதுவில் உள்ளதை ஆளாளுக்கு அள்ளி மனிதர் அழித்தே தீர்வர் என்று எழுதினார். எலினோர் ஒஸ்ட்ரம் என்ற பெண்மணி அதை அப்படியே ஏற்கவில்லை. சுவிற்சர்லாந்து மேய்ச்சல் நிலங்கள், ஸ்பெயினின் வாய்க்கால்கள் என்று நெடுங்காலம் கெடாமல் பகிரப்பட்டவற்றை ஆராய்ந்து 1990இல் நூலாக்கினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார், அதைப் பெற்ற முதல் பெண் அவர். அந்த நூலில் நமது கல்லோயாவும் வருகிறது. 1980களின் தொடக்கத்தில் அங்கே இளம் பட்டதாரிகளைக் கிராமங்களில் தங்கவைத்து, விவசாயிகளைச் சிறு சிறு குழுக்களாகக் கூடிக் கதைக்க வைத்தார்கள். வாய்க்கால்களைச் சேர்ந்து துப்புரவாக்கினார்கள், முறை வைத்தார்கள். கடைசிக் காணிகளுக்கும் தண்ணீர் போயிற்று. அநுராதபுர மாவட்டத்து மகாவிலச்சியவில் 2006இல் வீடுகளைக் கம்பியில்லா வலையால் இணைத்து ஒரு கிராமமே இணையத்தைப் பகிர்ந்ததும் இந்த நாட்டில் நடந்ததுதான். நாலு வீட்டு வளவுக்கு இயலாதா என்ன?

அடுத்த தடவை போனபோது அவர்களையே ஒழுங்கு வைக்கச் சொன்னேன். நான் சொல்லியிருந்தால் ஒரு மாதமும் நிற்காது. ஏழிலிருந்து எட்டரை வரை யூரியூப் இல்லை, சிறுவர் விளையாட்டு இல்லை. போன்கள் தாமாகவே படங்களைச் சேமிப்புக்கு ஏற்றுவதையும் செயலிகளைப் புதுப்பிப்பதையும் இரவு நித்திரைக்குப் போகும்போது வைத்துக்கொள்வது. (மூத்தவரின் போன் மட்டும் ஒரு மாதத்தில் எவ்வளவு படம் ஏற்றியிருந்தது என்று ரவுட்டர் பக்கத்தில் பார்த்தபோது அவரே வாயைப் பொத்திக்கொண்டார்.) கட்டணம் நாலில் ஒன்று என்பதில் மாற்றமில்லை. கடவுச்சொல்லை மாற்றுவதென்றால் நாலு வீட்டுக்கும் சொல்லித்தான் மாற்றுவது. இந்தக் கடைசி விதியைப் பின் வீட்டு அக்கா கேட்டு வாங்கினார். நான் அந்த வீட்டுக்குப் போகத் தொடங்கியபின் அவர் குரலை உயர்த்திப் பேசியது அந்த ஒரு தரம்தான்.

இன்னுமொன்று சொல்ல வேண்டும். ரவுட்டர் பக்கத்துக்குள் நுழையும் கடவுச்சொல், வைஃபையின் கடவுச்சொல் அல்ல, வேறொன்று. அது பதினாறு வயதுப் பையனிடம் மட்டும் இருந்தது. காசு கட்டுகிற மூன்று பெண்களுக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. யாரை உள்ளே விடுவது, யாரைத் தடுப்பது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. வேறொரு கிராமத்தில் ஒரு கணவர், "ரவுட்டர் என்ர கையில, நீ வட்சப்பில என்ன கதைக்கிறாய் எண்டு எல்லாம் எனக்குத் தெரியும்" என்று சொல்லி மனைவியை மிரட்டி வைத்திருந்தார். ரவுட்டரை வைத்து அது இயலாது. எந்தப் போன் இணைந்திருக்கிறது, எவ்வளவு டேட்டா இழுத்தது, கூடிப்போனால் எந்தத் தளத்துக்குப் போனது என்பது தெரியலாம். வட்சப்பில் எழுதியதும் பேசியதும் ரவுட்டரில் தெரியாது. போனையே கையில் எடுத்துப் பார்த்தால் அது வேறு கதை. அதைப் பற்றி இன்னொரு இதழில் எழுதுகிறேன்.

இப்போது அந்த வளவில் இரண்டு கடவுச்சொற்களும் ஒரு கொப்பித்தாளில் எழுதப்பட்டு அப்பம்மாவின் வெற்றிலைத் தட்டத்தின் கீழ் இருக்கின்றன. அவருக்கு வாசிக்கத் தெரியாது. அதனாலேயே அவரிடம் கொடுத்தார்களாம். வயலில் தண்ணீர் முறை பார்க்கும் வட்டை விதானையார்போல, இங்கே லைட் பார்ப்பவர் அவர். எது எப்போது நூர்ந்தது என்று கேட்டால் நேரத்தோடு சொல்கிறார்.

சென்ற மாதம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது பின் வீட்டுக்கும் போய் வந்தேன். மாமி சமாதானமாகிவிட்டாரா என்று பிள்ளையிடம் கேட்டேன்.

"மாமி இன்னும் என்னோட கதைக்கிறா இல்ல, மிஸ்" என்றாள். "ஆனா ஏழு மணியாகினா ரீ.வி. சத்தத்தக் குறைக்கிறா."